ஆனி மாதத்துப் பேரப்பிள்ளைகள்

ஆனி மாதத்துக்கு எங்கள் பக்கம் முன்பெல்லாம் இவ்வளவு மரியாதை கிடையாது. தை பிறந்தால் கல்யாணம், வைகாசியில் கிரகப்பிரவேசம், பங்குனி சித்திரையில் திருவிழா என்று மற்ற மாதங்களுக்கெல்லாம் ஒரு வேலை இருந்தது. ஆனி என்றால் மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று விசாரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதம். இன்றைக்கு எனக்கு வருகிற காதுகுத்து, மொட்டை, அறுபதாம் கல்யாணப் பத்திரிகைகளில் பாதிக்கு மேல் ஆனித் தேதிதான் போட்டிருக்கிறது.

காரணத்தைப் பஞ்சாங்கத்தில் தேடினால் கிடைக்காது. டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் பள்ளிக்கூடத்தை எப்போது மூடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அரியலூரை ஒட்டிய எங்கள் பெரியம்மா வீட்டுச் சமையலறையில், சிமென்ட் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. முகூர்த்த நாளுக்கு அச்சிலேயே மஞ்சள் கட்டம். டல்லாஸில் இருக்கிற மகளின் லீவுக்கு நீல மைக் கோடு. சிங்கப்பூரில் இருக்கிற மகனின் லீவுக்குப் பென்சில் கோடு. "கட்டம், கோடு, கோடு, மூணும் ஒண்ணா வர்ற நாளு வருஷத்துக்கே நாலுதான்டா இருக்கு. அதுல ரெண்டு நாளைக்கு மண்டபம் கிடைக்கல" என்றார். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத பெரியம்மா, இரண்டு கண்டங்களின் கல்வியாண்டை மனப்பாடமாகச் சொல்கிறார்.

கணக்கு இதுதான். அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் மே கடைசியில் பள்ளி மூடி ஆகஸ்ட் நடுவில் திறக்கிறார்கள். அதில் பாதி வைகாசியிலும் ஆனியிலும் விழும். மிச்சம் ஆடி. நியூஜெர்சியில் ஜூன் கடைசி வாரம்வரை பள்ளி உண்டு. அங்கிருந்து வருகிறவர்களுக்கு ஆனியில் மிஞ்சுவது மூன்று வாரம். ஆனால் செப்டம்பரில்தான் திறப்பு என்பதால் ஆவணியின் முதல் பத்துப் பதினைந்து நாள் கூடுதல் அதிர்ஷ்டம். இங்கிலாந்துப் பிள்ளைகளின் பாடுதான் பரிதாபம். ஜூலை கடைசியில் லீவு தொடங்கினால் நேராக ஆடிக்குள் வந்து இறங்க வேண்டும். சிங்கப்பூரில் ஜூன் லீவு நான்கு வாரம். நவம்பர், டிசம்பரில் ஆறு வாரம் விட்டாலும் டிசம்பர் பாதியில் மார்கழி குறுக்கே வந்துவிடும். ஆடியில் கல்யாணமும் கிரகப்பிரவேசமும்தான் கூடாது, காதுகுத்தலாம் என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு ஒப்பமாட்டார்கள். ஆக, இங்கிலாந்துப் பிள்ளைகளை விட்டால், எந்த மூலையிலிருந்து யார் வந்தாலும் கைக்கு எட்டுவது ஆனிதான்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எல்லோரையும் எங்கே கூட்டிவருகிறோம்? கல்லங்குறிச்சிக்கு.

அரியலூரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். கலியுக வரதராசப் பெருமாள் கோயில். சன்னதியில் விக்கிரகம் இல்லை. ஒரு கல் கம்பம் நிற்கிறது, 12 அடி உயரம். அடியில் அனுமார் அதைத் தாங்கி நிற்கிறார். நாமம் போட்டு, மாலை சாத்தி, அந்தக் கம்பத்தைத்தான் பெருமாள் என்று கும்பிடுகிறோம். அரியலூர், பெரம்பலூர் மட்டுமல்ல, கடலூர், தஞ்சாவூர், திருச்சிப் பக்கங்களிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் குலதெய்வம். உண்டியலில் பணம் போடுவதைவிட, விளைந்ததைக் கொண்டுவந்து கொட்டுவதுதான் இங்கே பழக்கம். நெல், கம்பு, சோளம், கடலை, மிளகாய், சில வேளை கன்றுக்குட்டி. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தானிய மூட்டையும் தலையில் மொட்டையுமாகக் கூட்டம் நிற்கும்.

தலவரலாறு இப்படிச் சொல்கிறது. வேறு ஏதோ கோயிலுக்காக வண்டியில் போய்க்கொண்டிருந்த கம்பம் இது. வழியில் வண்டி அச்சு முறிந்து இங்கே விழுந்தது, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு மந்தை வைத்திருந்த ஒருவர், காணாமல் போன தன் சினைப்பசுவைத் தேடி அலைந்தபோது, அது கன்று ஈன்று இந்தக் கம்பத்தின் பக்கத்தில் நிற்கக் கண்டார். பெருமாள் கனவில் வந்து கம்பத்தை நிறுத்தச் சொன்னார். சின்ன வயதில் இதைக் கேட்டபோது கம்பம்தான் கதை என்று நினைத்தேன். இப்போது கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, வாடகை வேனிலிருந்து இறங்கிவரும் குடும்பங்களைப் பார்க்கும்போது, தொலைந்த மாடு கன்றோடு கிடைத்த கதையாகத்தான் தோன்றுகிறது.

பெருமாள் கடல் தாண்டாதவர் அல்ல. அமெரிக்காவில் 1970-களிலேயே பிட்ஸ்பர்கில் வேங்கடாசலபதிக்கும் நியூயார்க் ஃப்ளஷிங்கில் பிள்ளையாருக்கும் கோயில் எழுப்பிவிட்டார்கள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் சீனிவாசப் பெருமாள் இருக்கிறார். தினப்படி கும்பிட அதெல்லாம் போதும். முதல் முடியும் காதுகுத்தும் குலதெய்வத்துக்குத்தான். அந்தத் தெய்வத்தை எங்கேயும் எடுத்துப்போக முடியாது. பெரியம்மாவின் மூத்த பேரன் மூன்று வயதுவரை முடி இறக்காமல் உச்சியில் ரப்பர்பேண்டோடு டல்லாஸில் திரிந்தான். விளையாட்டுப் பள்ளியில் ஒரு வருஷம் அவனைப் பெண்பிள்ளை என்றே நினைத்திருக்கிறார்கள். அவன் அம்மாவான அக்காவும் திருத்தவில்லை. "எப்படியும் ஆனியில மொட்டையடிக்கப் போறோம், எதுக்கு விளக்கம்?" என்றாள்.

இராமநவமியன்று தொடங்கும் பெருந்திருவிழாவையும் தேரையும் வெளிநாட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அது பங்குனி, சித்திரையில் வரும். பள்ளிக்கூடம் இருக்கும்.

*

பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில் என்கிற ஏற்பாடு எங்கள் ஊர்களுக்குப் புதிது. அதற்கு முந்திய ஏற்பாடு நேர்மாறானது. அப்பா வெளிநாட்டில், பிள்ளைகள் ஊரில். தமிழ்நாட்டில் 2015-ல் நடந்த புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றது. முதலிடம் சிங்கப்பூருக்கு, அடுத்து ஐக்கிய அரபு அமீரகம். பெரம்பலூர்ப் பக்கம் லப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவுக்குப் போகாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மக்காச்சோளமும் பருத்தியும், பெய்யாவிட்டால் பாஸ்போர்ட்.

என் சித்தப்பா சார்ஜாவில் எலெக்ட்ரீஷியனாக 22 வருஷம் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை டிக்கெட். வருஷத்தைச் சொல்லிக் கேட்டால் அவருக்கு எதுவும் ஞாபகம் வராது, விசேஷத்தைச் சொன்னால் வரும். "மூத்தவ சடங்குக்கு ஒரு தடவை வந்தேன். சின்னவன் காதுகுத்துக்கு. வீடு குடிபூர. எங்கம்மா சாவுக்கு வர முடியல, கருமாதிக்கு வந்தேன்." சடங்கு என்றால், பெண் பெரியவளான சேதி மறுநாளே அவருக்குப் போய்விட்டது. மஞ்சள் நீராட்டு மட்டும் ஏழு மாதம் காத்திருந்தது, அவருக்கு லீவு கிடைக்கும்வரை. அப்போதே எங்கள் ஊரில் முகூர்த்தம் குறித்தவர் ஜோசியர் இல்லை, சார்ஜாவிலிருந்த கம்பெனி மேனேஜர்.

ஏன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அமீரகத்தில் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள, மாதச் சம்பளம் 4,000 திர்ஹமாவது இருக்க வேண்டும், அல்லது 3,000-மும் கம்பெனி கொடுக்கும் வீடும். சிங்கப்பூரில் மனைவி, பிள்ளைகளுக்கு மாதம் 6,000 வெள்ளி; பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ள 12,000 வெள்ளி. வொர்க் பெர்மிட்டில் கப்பல் பட்டறைக்குப் போனவருக்கு இரண்டும் கிடையாது. ஒரே தெருவிலிருந்து இரண்டு பையன்கள் ஒரே விமானத்தில் சிங்கப்பூர் போவார்கள். ஒருவனுடைய அம்மா பேரன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டப் போய் வருவார். இன்னொருவனுடைய அம்மாவுக்கு மகன் படுக்கிற இடம் எப்படி இருக்கும் என்பதே தெரியாது. 'வெளிநாட்டில் இருக்கிறான்' என்று இருவரையும் ஊர் ஒரே வாயால் சொல்வதுதான் எனக்கு எப்போதும் உறுத்தும்.

சித்தப்பா வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். புதுச் சட்டை, அதே தங்கநிற வாட்ச். "எல்லா விசேஷத்துலயும் நான் இருக்கேன், பாத்துக்க" என்பார். பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "நடுவுல நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது" என்பார். மகள் கணக்கில் ஃபெயிலானது, மகன் சைக்கிளிலிருந்து விழுந்து தாடையில் தையல் போட்டது எல்லாம் அவர் வந்திறங்கும்போது பழங்கதை. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது. 'பாட்டிம்' செயலியில்தான் பேச வேண்டும். அதில் கேட்டதெல்லாம் "சாப்டியா?", "படிக்கிறியா?" மட்டும்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

*

அடுத்த தலைமுறைக்குக் கதை திரும்பியது. படித்த பிள்ளைகள் போனார்கள், பெற்றோர் பின்னால் போகத் தொடங்கினார்கள். முதலில் போனது பிரசவத்துக்கு.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பெண் வர முடியாவிட்டால் தாய்வீடு போக வேண்டியதுதான். அமெரிக்க விசிட்டர் விசாவில் போகிறவரை விமான நிலைய அதிகாரி வழக்கமாக ஆறு மாதம் தங்க விடுவார். அதை வைத்து ஒரு முறையே உருவாகிவிட்டது. முதல் ஆறு மாதம் பெண்ணின் அம்மா, அடுத்த ஆறு மாதம் மாப்பிள்ளையின் அம்மா. விமான நிலையத்தில் ஒருவர் இறங்க ஒருவர் ஏறுவார். எங்கள் பெரியம்மா இதை "ஷிஃப்டு" என்பார். சிமென்ட் ஆலை ஊர் அல்லவா, அந்த வார்த்தை நாக்கில் தானாக வரும்.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்து ஓரம் இருக்கிற துணைத் தூதரகத்தில் பெரியம்மாவுக்கு விசா நேர்காணல். தமிழிலேயே கேட்டார்கள். 'ஊரில் என்ன இருக்கிறது?' என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. திரும்பி வருவீர்களா என்பதை அப்படித்தான் கேட்பார்கள். பத்திரம், பாஸ்புக் என்று அக்கா கோப்பு தைத்துக் கொடுத்திருந்தாள். பெரியம்மா அதைத் திறக்கவே இல்லை. "ரெண்டு மாடு இருக்கு சார், ஒண்ணு சினை" என்றாராம். விசா கிடைத்தது. மாட்டால் கிடைத்தது என்று அவரும், பாஸ்புக்கால் கிடைத்தது என்று அக்காவும் இன்றுவரை வாதாடுகிறார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் கல்லங்குறிச்சிக்குப் போய் வந்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசும் ஒரு பிடி நெல்லும் முடிந்து வைத்தார். சுகப்பிரசவமானால் பிள்ளையோடு வந்து செலுத்துவதாக வேண்டுதல். பெட்டியில் வேறு என்னென்ன! பிரசவ லேகியம், சுக்கு, வசம்பு, பூண்டு ஊறுகாய், வடகம், இரண்டு பெட்டியிலும் 23 கிலோவுக்கு ஒரு குண்டுமணி குறையாமல். கடைசி இரவு, வீடியோவில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா அந்த முடிச்சைப் பிரிக்கச் சொன்னாள். இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி எடுத்துவர அமெரிக்காவில் தடை, நெல் என்றால் கேட்கவே வேண்டாம். கப்ரா வண்டு என்று ஒரு தானிய வண்டு, அது வந்துவிடும் என்று பயம். கம்பத்தடியில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற நெல்லில் ஒரு பிடியைக்கூட எடுத்துப்போக முடியவில்லை. பெரியம்மா நெல்லைப் பிரித்துச் சாமி மாடத்தில் ஒரு உழக்கில் வைத்துவிட்டு, காசை மட்டும் முடிந்துகொண்டு போனார்.

பெரியப்பா கூடப் போனார். ஐந்து ஏக்கரை ஒற்றை ஆளாகப் பார்க்கிற மனுஷன் சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்த்துப் பதறிப்போனேன். "காலுக்கு ஒண்ணும் இல்லடா, நாக்குதான் இல்ல" என்றார். இங்கிலீஷ் தெரியாது, நடுவில் விமானம் மாற வேண்டும். நாற்காலி கேட்டால் தள்ளுகிறவர் சரியான வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். இந்த வித்தையைக் கண்டுபிடித்தது யார் என்று தெரியவில்லை, கிராமத்துப் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உண்மையிலேயே நடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி தட்டுப்பாடாகும் என்று நான் சொன்னேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, என்னிடமும் வேறு வழி இல்லை.

டல்லாஸில் ஆறு மாதமும் பெரியம்மா கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே வைத்திருந்தார். கோடைக்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஆறு மணிக்குப் பேத்தியின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "இந்நேரம் பால் கறக்கணும்" என்பாராம். புண்ணியதானம், பேர் வைக்கிறது எல்லாம் நன்றாகவே நடந்தன. ஐயர் வந்தார், இலைகூடக் கிடைத்தது. திரும்பி வந்த பிறகு அவர் அதைப் பற்றியெல்லாம் பேசவில்லை. விசேஷத்துக்கு மறுநாளைப் பற்றித்தான் பேசினார். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஒரு ஆள் இல்லை. தோரணம் மட்டும் கதவில் தொங்கியது. குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் என்று அன்றைக்குத்தான் தானாகக் கண்டுபிடித்தார். சாயந்தரம் மகள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள். வேலையில் ஏதோ. இன்னதென்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மோர்க்குழம்பு வைத்துப் போட்டார். "அதுக்குத்தான்டா போனேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

இந்தப் பயணங்களை எல்லாம் பாசம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கனடாவில் 2011-ல் பெற்றோருக்கென்று 'சூப்பர் விசா' கொண்டுவந்தார்கள். 2022 ஜூலையிலிருந்து அதில் போகிறவர் ஒரே மூச்சில் ஐந்து வருஷம் இருக்கலாம். விசேஷத்துக்கு யாரும் ஐந்து வருஷம் போவதில்லை. பிள்ளை பார்க்கிற கூலி அங்கே அதிகம், பாட்டிக்குக் கூலி இல்லை. அழைக்கிறவர்களுக்கும் அது தெரியும், போகிறவர்களுக்கும் தெரியும். "அங்க நான் விருந்தாளியா வேலைக்காரியா?" என்று என்னிடமே கேட்ட அம்மாக்கள் இருக்கிறார்கள். மகனிடம் கேட்கமாட்டார்கள்.

2020 மார்ச் 23-ல் சர்வதேச விமானங்கள் நின்றன. வழக்கமான போக்குவரத்துத் திரும்பியது 2022 மார்ச் 27-ல். அக்காவின் இரண்டாவது பிள்ளை அந்த இடைவெளியில் பிறந்தான். ஷிஃப்டுக்கு யாரும் போகவில்லை. அவனைப் பெரியம்மா முதலில் நேரில் பார்த்தபோது அவன் ஓடினான், அவரைக் கண்டு எதிர்ப்பக்கம்.

*

அந்தப் பையனுக்கும் சிங்கப்பூர்த் தம்பியின் மகளுக்கும் சேர்த்துத்தான் இந்த ஆனியில் காதுகுத்து. திருச்சி விமான நிலையத்தின் புது முனையத்தில் அதிகாலையில் தம்பி குடும்பம் இறங்கியது. 2024 ஜூனில் அது பயன்பாட்டுக்கு வந்தபின் வழியனுப்பவும் வரவேற்கவும் வேன் பிடித்துப் போவது எங்கள் பக்கம் ஒரு சின்னச் சுற்றுலா ஆகிவிட்டது. கல்லக்குடி, கீழப்பழுவூர் வழியாக வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வீடு.

மொட்டை முடிந்து, மாமன் மடியில் பிள்ளைகள் உட்கார, ஆசாரி காதைத் தொட்டதும் இரண்டும் இரண்டு நாட்டு உச்சரிப்பில் ஒரே அழுகை அழுதன. பெரியம்மா மாடத்து உழக்கில் இருந்த அந்தப் பழைய நெல்லை ஒரு மரக்கால் புதுநெல்லோடு கலந்து கொட்டினார். மஞ்சள் முடிச்சுக் காசு மூத்த பேத்தி பேரில் முன்பே உண்டியலுக்குப் போய்விட்டது.

மண்டபத்தில் மொய் எழுதியவர் நோட்டில் முதல் கட்டம் ஊர். திருமானூர், வாலாஜாநகரம், கயர்லாபாத் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் சிநேகிதி ஒருத்தி கவர் நீட்டினாள். "ஊரு?" "ஹூஸ்டன்." எழுதியவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "சொந்த ஊரு கேட்டேன்ம்மா" என்றார். அவள் யோசித்துவிட்டுச் செந்துறை என்றாள். வர முடியாதவர்கள் மொய்யும் நின்றுவிடவில்லை. சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யூபிஐயையும் 2023 பிப்ரவரியில் இணைத்த பிறகு, அங்கிருந்து வருகிற மொய் பந்தி முடிவதற்குள் செல்போனில் விழுகிறது. எழுதுகிறவர் அதற்குத் தனிப் பக்கம் போட்டிருந்தார், தலைப்பு 'போன்'.

மறுநாள் நான் கிளம்ப வேண்டியவன், இருந்துவிட்டேன். சமையல்காரர் பாத்திரங்கள் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தன. பெரியவர்கள் தூங்கினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர, டல்லாஸ் பையன் கொல்லைப்புறம் வந்தான். சார்ஜா சித்தப்பா அங்கே மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். அவர் ஊரோடு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பெரியம்மா வீட்டு மாடுகளை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

வந்த நாளிலிருந்து தினம் ஒரு கோயில், ஒரு விருந்து என்று இழுத்துக்கொண்டு அலைந்ததில் பையனுக்குப் பழகிவிட்டது. "தாத்தா, இன்னிக்கி என்ன?" என்று கேட்டான்.

"இன்னைக்கு ஒண்ணுமில்லையே."

"நத்திங்கா?"

"மாட்டக் குளிப்பாட்டணும். வர்றியா?"

அவன் காதில் கம்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு வைக்கோல் பிரியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் மோட்டார் கொட்டகைப் பக்கம் போனான். அன்று மதியம்வரை இரண்டு பேரும் சாப்பிடவும் வரவில்லை.